எட்டுச் சங்கிலித் தூரத்தில் ஒரு வீடு

நான் ஸ்கொட்லாந்துக்குப் போனது விந்தாலு சமைக்க. அதற்கு முன் அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போத்தல்களில் ஒட்டியிருக்கும் தாளில் வாசித்ததுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா சப்பலில் தமிழ்க் கடைகளை அப்போது ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் நான் சமையல்காரனாக இருந்தேன். அதற்கு முந்திய பன்னிரண்டு வருடங்கள் யாழ்ப்பாணத்தில் நில அளவைப் பகுதியில் படவரைஞன். காணிகளுக்கு எல்லைக்கோடு போட்டவன் வெங்காயத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் கூர்மையான சாமான் வேண்டும், இரண்டிலும் கண்ணீர் வரும்.

கடைக்கு அந்துவான் ஐயா என்றொருவர் வருவார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் படியில் குனிந்து நிலவறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"தம்பி, எம் பையன் ஒரு ஸ்காட்லாந்துப் பொண்ணைக் கட்டிக்கிறான். கல்யாணம் அவ தீவுல. அவங்க சாப்பாடு என்னான்னு விசாரிச்சேன். உப்பு கூட இல்லையாம். நீ வந்து எம்பது பேருக்கு மட்டன் விந்தாலு போட்டுக் குடு. உனக்கு ஒரு வக்கான்ஸ், லீவு மாதிரியும் ஆச்சு."

"ஐயா, எனக்கு பப்பியே இருக்கு. ஆனா அகதிப் பப்பியே."

"பப்பியே பப்பியேதான். முப்பது வருசம் அந்தக் காயிதத்தைத்தான பாத்தேன்."

இங்கிலாந்துத் துறைமுகத்தில் அவர் தன் கடவுச்சீட்டை விசிறி போல ஆட்டிக்கொண்டு கடந்து போனார். என்னை ஓரமாக நிறுத்தினார்கள். என் பயணப் பத்திரத்தில் "எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஒரு நாட்டைத் தவிர" என்று எழுதியிருந்தது. தவிர்க்கப்பட்ட நாடு நான் பிறந்த நாடு. அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உங்கள் நாட்டுக்கு மட்டும் ஏன் போக முடியாது?"

"போகலாம் ஐயா. திரும்பி வரத்தான் ஏலாது."

அடுத்து என் பெட்டியைத் திறந்தார். ஒரு பெரிய பொதியைக் காட்டி இது என்ன என்றார். மிளகாய்த்தூள் என்றேன். நம்பாமல் மூக்கைக் கிட்டக் கொண்டு போனார். ஏழு தும்மல்களுக்குப் பிறகு, கண்ணைத் துடைத்தபடி, கையால் போ என்று காட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் தீவுக்குப் படகு. அந்துவான் ஐயா கடலைப் பார்த்ததும் செபமாலையை எடுத்தார். படகுக்காரனிடம் காற்று எப்படி என்று கேட்டேன். "கொஞ்சம் இருக்கும்" என்றான். நான் புங்குடுதீவான். எங்கள் பக்கப் படகுக்காரர் "கொஞ்சம்" என்று சொன்னால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். ஐயாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கரை சேர்ந்தபோது அவர் காலைச் சாப்பாடு கடலிலும், தொப்பி அதற்கும் அப்பாலும் இருந்தன.

தீவின் பெயரை எழுதமாட்டேன். எழுத்தில் பதினொன்று, வாயில் வருவது நாலு. எப்படி எழுதினாலும் பிழை பிடித்துக் கடிதம் போட அங்கே ஒருவர் இருக்கிறார். அவர்தான் இறங்குதுறையில் எங்களை வரவேற்றார். ஊரின் வரலாற்றுச் சங்கத் தலைவர். தென் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே குடிவந்தவர். தீவின் கம்பளியில் பின்னிய மேற்சட்டை, தீவின் ஊன்றுகோல், தீவின் குல்லாய். சுற்றி நின்ற தீவுக்காரர் எல்லோரும் நைலோன் சட்டையில் நின்றார்கள்.

"முதலில் ஊரின் மரபைப் பார்த்துவிடுவோம்" என்றார் தலைவர்.

"முதல்ல தோய்லெத்" என்றார் ஐயா என் காதில். நான் மொழிபெயர்த்தேன். மரபுக்குத்தான் முதலிடம் கிடைத்தது.

ஊர் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஏழு வீடு. அதில் நாலு, கோடையில் மட்டும் வந்து போகிறவர்களுடையவை. எங்கள் பக்கத்தில் இதை ஊர் என்று சொன்னால் பக்கத்து ஊரார் சிரிப்பார்கள். ஆனால் ஒருகாலத்தில் இருபத்திரண்டு வீடு இருந்ததாம். காணிச் சொந்தக்காரர் ஆடு வளர்த்தால் இலாபம் என்று கண்டுபிடித்தார். ஆடுகளுக்கு இடம் தேவைப்பட்டது. ஆட்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சில குடும்பங்கள் கடலோரப் பாறைகளுக்கு நகர்ந்து ஒட்டிக்கொண்டன. மீதி, கல் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்கு முன்னும் தலைவர் எண் போட்ட பலகை நாட்டியிருந்தார். சனிக்கிழமை காலை, கல்யாணத்துக்கு முன், மாவட்ட சபையிலிருந்து ஓர் அம்மா வந்து திறந்துவைக்கப் போகிறார்.

"ஆட்டுக்காகவா ஆளுங்களைத் தொரத்துனாங்க?" என்றார் ஐயா.

"ஓம் ஐயா. எங்களைத் துரத்தினவை ஆடு கூடக் கொண்டு வரேல்லை."

ஒன்பதாம் பலகையடியில் ஒரு கிழவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலைவர் நடையை வேகமாக்கினார். கிழவர் திரும்பவில்லை. அவர்தான் டொனால்ட், மணப்பெண்ணின் தாத்தா. நாங்கள் தங்க வேண்டியது அவர் வீட்டில்.

அன்று பின்னேரம் அவர் வீட்டுக் குசினியில் உருளைக்கிழங்கும் உப்பு மீனும் சாப்பிட்டோம். உப்பு இல்லை என்று ஐயா விசாரித்த தகவல் பிழை. கடல் முழுதையும் அந்த மீனில் வைத்திருந்தார்கள். என் ஆங்கிலம் கந்தோரில் கோப்புகளோடு பழகிய ஆங்கிலம், டொனால்டுடையது கடற்கரை ஆங்கிலம். ஆனாலும் அவர் பேசியது என் காதில் எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"சனிக்கிழமை நான் மண்டபத்துக்குள்ளை கால் வைக்கமாட்டன். பேத்தியின்ரை கலியாணம் எண்டாலும்."

மண்டபம் வரலாற்றுச் சங்கத்தின் பராமரிப்பில் இருப்பது. ஏன் என்று கேட்டேன்.

"ஒன்பதாம் பலகையிலை என்ன எழுதியிருக்கெண்டு பாத்தனியோ? 'மேற்பார்வையாளரின் வீடு.' அது ஆர் தெரியுமோ? காணிக்காரன்ரை ஆள். வீடு வீடாய்ப் போய் வாசலிலை எழும்பச் சொல்லித் தாள் ஒட்டினவன். அந்த வீடு என்ரை பூட்டன்ரை. பூட்டன் நீல். 'அடுப்பிலை கிழங்கு இருக்கு, அவிஞ்சாப் பிறகு போறன்' எண்டு சொன்னவர். அந்தாள் உள்ளை வந்து, பானையைத் தூக்கி அடுப்பிலேயே ஊத்தி அணைச்சவன். இப்ப என்ரை பூட்டன்ரை வீட்டுக்கு அவன்ரை பேரை எழுதி வைச்சிருக்கினம்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சமையல்காரனுக்கு இதைவிடக் கேவலமான கதை சொல்ல முடியாது. கொலை செய்கிறவன்கூடக் கொதிக்கிற பானையைத் தொடமாட்டான்.

"தலைவருக்குச் சொன்னனீங்களோ?"

"மூண்டு தரம். அவரட்டைப் பழைய வரைபடம் இருக்காம். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் வேணுமாம்."

ஆதாரம், ஆவணம் என்றால் ஐயாவுக்கு அந்த மொழிதான் என்று இதைப் பிரெஞ்சில் சொன்னேன். ஆவணப் பிரிவு உடனே விழித்துக்கொண்டது. "தலைவர் சொல்றது ஞாயந்தான தம்பி. பப்பியே இல்லாம எப்புடி?" அதோடு சம்பந்தி வீட்டுத் தாத்தா கல்யாணத்துக்கு வராவிட்டால் புதுச்சேரியில் என்ன பேசுவார்கள் என்ற கவலையும் அவரைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்து மேலே பார்த்தபடி படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்துக் குசினிக்குப் போனேன். எட்டுச் செம்மறியின் இறைச்சி மேசையில் கிடந்தது. ஊரை விழுங்கிய ஆடுகளின் பரம்பரை. வினாகிரியிலும் மிளகாயிலும் ஊறவைத்துவிட்டு, வெங்காயம் வதங்கும் வரை சுவரைப் பார்த்தேன். அங்கே கண்ணாடிக்குள் தொங்கியது தலைவரின் வரைபடம், ஊர் காலியாவதற்கு முன் காணிச் சொந்தக்காரருக்காக வரைந்தது.

எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு நல்ல நிலப்படம்! கோடுகள் மயிரிழை. கிணறு, பெரிய பாறை, ஓடை, வீடுகள், ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் குடியிருந்தவர் பெயர். கிணற்றிலிருந்து மேற்கே எட்டுச் சங்கிலித் தூரத்தில் ஒரு வீடு, "நீல்". ஒன்பது சங்கிலியில் அடுத்த வீடு, "மேற்பார்வையாளர்". அளவுகோலுக்குக் கீழே மங்கலாய் இரண்டு சொல்: "ஸ்கொட்ஸ் சங்கிலி".

நில அளவைச் சங்கிலி அறுபத்தாறு அடி. வெள்ளைக்காரன் எங்களுக்குப் பழக்கியது அது. ஆனால் என்னை வேலைக்குப் பழக்கியவர்கள் இன்னொன்றும் சொல்லித் தந்திருந்தார்கள். பழைய படத்தில் எழுதியிருக்கும் அளவை நம்பாதே. நகராத இரண்டு பொருளைத் தரையில் தேடி, இடையில் அளந்து பார். கிணறு நகராது. பாறையும் நகராது. படத்தில் அவற்றுக்கு இடையில் ஐந்து சங்கிலி.

அடுப்பைக் குறைத்துவிட்டு டொனால்டிடம் ஓடினேன். அவரிடம் நாடா இல்லை. வலைக்கயிறு இருந்தது, பாகத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. எங்கள் கடற்கரையிலும் பாகம்தான், ஆறு அடி. மழை சாய்ந்து அடித்தது. கயிற்றின் ஒரு தலைப்பைக் கிணற்றடியில் பிடிக்க ஆள் வேண்டும். அந்துவான் ஐயா கல்யாணச் சப்பாத்தோடு சேற்றில் நின்று பிடித்தார்.

"தம்பி, இது எதுக்குன்னு கடைசில சொல்லுவியா?"

"இழுத்துப் பிடியுங்கோ ஐயா, தொய்யுது!"

அறுபத்தொரு பாகமும் நாலு அடியும். மொத்தம் முந்நூற்று எழுபது அடி. ஐந்தால் பிரித்தேன். ஒரு சங்கிலிக்கு எழுபத்து நாலு அடி. திரும்ப அளந்தோம். அதேதான். இந்த நாட்டுக்கு என்று ஒரு நீளமான சங்கிலி இருந்திருக்கிறது. "ஸ்கொட்ஸ்" என்று எழுதியிருந்தது நாட்டின் பெயரல்ல, சங்கிலியின் பெயர். ஸ்கொட்லாந்துக் காணியைத் தலைவர் இங்கிலாந்துச் சங்கிலியால் அளந்திருந்தார்.

கிணற்றடியிலிருந்து மேற்கே போனோம். கிட்ட இருந்த பலகைகளில் சில அடிகள்தான் வித்தியாசம். தூரம் போகப் போக பிழை வளர்ந்தது. எட்டாம் பலகை, நீலுடைய பெயர் போட்டது, ஓர் ஆட்டுப்பட்டியின் முன் நின்றது. டொனால்டின் பூட்டனைத் தலைவர் பட்டிக்குள் குடியேற்றியிருந்தார். உண்மையான எட்டுச் சங்கிலி போய் முடிந்த இடத்தில் ஒன்பதாம் பலகை நின்றது. டொனால்ட் சொன்ன அதே குவியல். அவர் குல்லாயைக் கழற்றி மழையைப் பிழிந்தார்.

"அப்ப ஒம்பதாவது எங்க?" என்றார் ஐயா. அவருக்கு இப்போது ருசி பிடித்துவிட்டது.

கயிற்றை இன்னும் நீட்டினோம். அது ஒரு வெள்ளை வேலியைத் தாண்டி, ரோசாப் பாத்தியைத் தாண்டி, ஒரு குசினி யன்னலில் போய் முட்டியது. யன்னலுக்குப் பின்னால், கையில் தேநீர்க் கோப்பையோடு, தலைவர்.

அந்த வீட்டின் அடிச்சுவர் பழையது என்றும், எளிய குடியானவன் ஒருவனின் வீடு என்றும், அவர் முதல் நாள்தான் எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

இந்த மனிதரைப் பற்றி நான் நினைத்திருந்தது பாதிதான் சரி. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். உள்ளே போய் உருக்கு அளவுநாடாவை எடுத்து வந்து, மழைக்குள் தானே மூன்று தரம் அளந்தார். மண்டபத்துக்குப் போய் வரைபடத்தைக் கழற்றி, பூதக்கண்ணாடியால் அந்த இரண்டு சொல்லைப் பார்த்தார். நான் அந்த இடைவெளியில் வெங்காயத்தைப் பார்த்தேன். கருகவில்லை.

"தாங்கள் சமையல்காரர் என்றல்லவா எனக்குச் சொன்னார்கள்?"

"ஓம் சேர். இப்ப சமையல்காரன்தான்."

"நான் ஒன்பது வருடமாக இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்தார். "ஆனால் பலகைகளை மாற்ற நிருவாகக் குழு கூட வேண்டும். குழுவில் மூன்று பேர் கிளாஸ்கோவில் இருக்கிறார்கள்."

அந்துவான் ஐயா அதற்குள் ஒரு தாள் எடுத்து "ப்ரோசே-வெர்பால்", அதாவது அதிகாரபூர்வக் குறிப்பு, என்று தலைப்பிட்டு, அளந்த விவரத்தைப் பிரெஞ்சில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டிருந்தார். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தத் தாளைத் தலைவர் இரண்டு கையாலும் வாங்கினார். அதிகாரம் எந்த மொழியில் இருந்தாலும் அடையாளம் தெரியும் போலிருக்கிறது. குழு கூடும் வரை ஒன்பதாம் பலகையை மூடி வைப்பது என்று முடிவானது. மூட என்னிடம்தான் வெங்காயச் சாக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை கல்யாண வீட்டார், ஊரார் எல்லோரும் பலகைகளைச் சுற்றி வந்தார்கள். மாவட்ட சபை அம்மா ஒவ்வொன்றுக்கும் "அற்புதம்" என்றார். ஆட்டுப்பட்டிக்கும் அற்புதம் என்றார். சாக்குக் கட்டிய பலகையடியில் நின்று, "இது என்ன?" என்றார்.

டொனால்ட் கூட்டத்துக்கு வெளியே, மதிலோரமாக நின்றார். தலைவர் அவரை ஒருமுறை பார்த்தார். மழுப்பியிருக்கலாம். வண்ணம் காயவில்லை என்று சொல்லியிருந்தால் போதும்.

"இந்தப் பலகையைத் தவறான இடத்தில் நாட்டிவிட்டேன்" என்றார். "பிழை என்னுடையது. இது நீலின் வீடு. டொனால்ட் மூன்று முறை சொன்னார், நான் கேட்கவில்லை. இந்தப் பலகை நிற்க வேண்டிய இடம் என் வீட்டு வாசல்."

அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். அம்மாவுக்கு இதற்கும் அற்புதம் சொல்வதா என்று தெரியவில்லை.  டொனால்ட் மதிலை விட்டு மெல்ல வந்தார். தலைவரைக் கடந்து என்னிடம் வந்தார்.

"கறி முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப கோயில் முடிய மண்டபத்துக்குப் போவம்."

கோயிலில் அந்துவான் ஐயா மாதா சுரூபத்தைத் தேடிக் களைத்தார். அது புரட்டஸ்தாந்துக் கோயில், வெறும் சுவர்தான். "கல்யாணம் செல்லுமா தம்பி?" என்று கேட்டார். மண்டபத்தில் முதல் கவளத்திலேயே எண்பது முகமும் சிவந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை. அந்த ஊரார் கஷ்டத்தை வாய் திறக்காமல் தாங்கப் பழகியவர்கள். டொனால்ட் மூன்று தட்டு சாப்பிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஆடுகளுக்கு இப்பிடித்தான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் கடவுளைத் தவிர யாருக்கும் வேலை கிடையாது. படகு ஓடாது, கொடியில் துணி காயாது. கோயில் முடிந்து டொனால்டும் நானும் நீலின் வீட்டுக் குவியலில் உட்கார்ந்திருந்தோம். தலைவர் தயங்கித் தயங்கி வந்தார். ஒன்பதாம் பலகையை முதல் நாள் பின்னேரமே, குழுவைக் கேட்காமல், பிடுங்கிக் கொண்டுபோய்த் தன் வாசல் படலையில் கட்டியிருந்தார். பட்டி முன் நின்ற எட்டாம் பலகையையும் பிடுங்கிவிட்டிருந்தார்.

"நீலுக்கு ஒரு புதிய பலகை செய்வோம். நல்ல ஓக் மரத்தில். பானைச் சம்பவத்தையும் எழுதலாம். எப்படி எழுதவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்."

டொனால்ட் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அது பெரிய விஷயம் என்று தலைவரின் முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம். இந்த வாசலிலை முதன்முதல் தாள் ஒட்டினவன் அவன்தான். அதுக்குப் பிறகு நீர் ஒட்டினீர். இனி ஒருத்தரும் இஞ்சை ஒண்டும் ஒட்ட வேண்டாம்."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருபத்தொரு பலகைக்கு நடுவில் ஒன்று இல்லாவிட்டால் வருகிறவர்கள் கேட்பார்களே என்றிருக்கும். பிறகு தலையை ஆட்டினார். மூன்று பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் வீடு எவ்வளவு பெரிது என்று டொனால்ட் என்னிடம் கேட்டார். ஊர் முழுக்க அளந்திருக்கிறேன், அதை அளக்கவில்லை என்றேன். 

திங்கட்கிழமைப் படகில் ஐயா நல்ல பிள்ளையாகப் படுத்தே வந்தார். பாரிசில் நிலவறை இருந்த இடத்திலேயே இருந்தது.

கோடை வந்ததும் அந்துவான் ஐயா ஒரு கடித உறையோடு படியில் குனிந்து இறங்கினார். சங்கத்தின் புதிய கையேடு. தனக்கு ஆங்கிலம் வராது, நீயே வாசி என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஒன்று முதல் ஏழு வரை திருத்திய தூரங்கள், அடியில், சங்கிலியில், இப்போது பாகத்திலும். ஒன்பது: "மேற்பார்வையாளரின் வீடு. தற்போது சங்கத் தலைவர் வசிக்கிறார். ரோசாக்களை மிதிக்க வேண்டாம்."

"எட்டு? எட்டுக்கு என்னா போட்டிருக்காரு?"

ஒரு வரிதான் இருந்தது. பிரெஞ்சில் அல்ல, தமிழிலேயே அவருக்கு வாசித்தேன்.

"எட்டு: பலகை இல்லை. வீட்டாரின் விருப்பம்."